உம்

வூஸ்டர், மாசசூசெட்ஸ். முப்பத்தொன்பது, பிப்ரவரி.
கம்பி ஆலையில் இழுவைக்காரன் காஸிஸ் ருடைடிஸ்
நான்காம் நாள் காய்ச்சலோடு வந்தான்.
சளி துருவின் நிறம்.
ஆலைத் துருதான் நெஞ்சில் படிந்துவிட்டதென்று
நர்ஸிடம் சத்தியம் செய்தான்.

வலது நுரையீரலின் கீழ்மடல்
விரலால் தட்டினால் மரம்போல் ஒலித்தது.
'மாத்திரை போதும்' என்றார் டாக்டர் டிராஸ்க்.
புது மருந்து, சல்ஃபாபைரிடின்.
நான்கு மணிக்கொரு தடவை மாத்திரை,
நான்கு மணிக்கொரு தடவை வாந்தி.
'உன் குப்பிகளுக்கு இனி வேலையில்லை, சிக்னே.
வீட்டுக்குப் போய்த் தூங்கு.'

அவள் போகவில்லை.
தியாகம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
வெளியே பனி; கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

நிமோனியாக் கிருமியில் முப்பத்திரண்டு வகை
அன்று அவர்களுக்குத் தெரியும்.
வகைக்கொரு குப்பி, குப்பிக்குள்
ஏதோ ஒரு முயலின் சீரம்.
ஏழுக்கு உரியது எட்டைத் தொடாது.
'சாதி பார்க்கும் மருந்து' என்று எழுதி
அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

கண்ணாடித் துண்டில் ஒரு துளி சளி,
ஒரு துளி சீரம், கொஞ்சம் நீலச் சாயம்.
குனிந்தாள். இல்லை.
கழுவினாள், குனிந்தாள். இல்லை.
மாடியில் காய்ச்சல் நூற்றைந்து.
கிருமி இரத்தத்தில் இறங்கிவிட்டதென்று
யாரோ படியில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிருமி ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருக்கும்.
வெள்ளணுவின் பிடியில் வழுக்குவது அதனால்தான்.
மூன்றேகாலுக்கு, ஏழாம் குப்பியில்,
சட்டை உப்பியது.
பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி,
இரண்டிரண்டாக.
சிக்னே லிண்ட்குவிஸ்டுக்கு ஜவ்வரிசி தெரியாது.
மீன்முட்டை என்று நினைத்திருப்பாள்.

டிராஸ்க்கை எழுப்பினார்கள்.
எழுப்பியவளை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஒவ்வாமை தெரிய முதலில் கண்ணில் ஒரு சொட்டு.
சிவக்கவில்லை.
பிறகு நரம்பில், மெதுவாக, மிக மெதுவாக.
ஒரு மணி நேரத்தில் குளிர் எடுத்தது:
பல் அடித்தது, கட்டிலே ஒரு சாண் நகர்ந்தது.
அவன் மனைவி புரோனே
லிதுவேனியனில் கத்தியதற்கு
மொழிபெயர்ப்பு யாரும் கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்தவில்லை.

மாத்திரை கிருமியைக் கொல்லவில்லை,
பெருகவிடாமல் வைத்திருந்தது.
எதிர்ப்பொருளும் கொல்லவில்லை,
வழுக்கும் சட்டைக்குப் பிடி தைத்துக் கொடுத்தது.
விழுங்கியது அவனுடைய வெள்ளணு.
அதற்கு அட்டையில் கட்டமே இல்லை.

அட்டை இப்போது என் மேசையில்.
அதே ஊரில், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
இரத்தம் வளர்த்துப் பார்ப்பது என் பிழைப்பு.
'சிகிச்சை' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்.
நடுவே அவர்களுடைய இணைப்புச் சொல்,
இரண்டு பேருக்கு நடுவே
தரகன் மாதிரி நிற்கிறது.
நமக்கு அது தனியாக நிற்காது.
மாத்திரையும் சீரமும்:
இருவர் வாலிலும் ஒட்டவேண்டும்.
'மாத்திரையும்' என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாருங்கள்.
வாக்கியம் வாசலிலேயே நின்று
இன்னொருவரைத் தேடும்.

டிராஸ்க் பிறகு கூட்டங்களில்
மாத்திரையைப் பற்றித்தான் பேசியிருப்பார்.
புரோனே ஏற்றிய மெழுகுவர்த்திக்கும்
ஒரு உம் வேண்டும், அவளைக் கேட்டால்.

ஆறாம் நாள் வியர்த்து, சூடு இறங்கி,
காஸிஸ் பீட்ரூட் சூப் கேட்டான், புளிப்பாக.
நர்ஸ் மறுத்தாள்.
புரோனே கோட்டுக்குள் ஜாடியை மறைத்துக் கொண்டுவந்தாள்.
ஜாடி என் சேர்க்கை. மற்றதில் பாதியும்.

அட்டையின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை.
சளியா, சூப்பா என்று பார்க்க
எல்லா வசதியும் இங்கே இருக்கிறது.
இன்னும் பார்க்கவில்லை.